மருமகள் மெஷின் படிக்கப் போன கணக்கு

எழுபத்தையாயிரம் என்று எண்ணில் போட்டிருந்தது. எண்ணை நம்பாமல், கீழே எழுத்தில் போட்டிருந்ததையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்திலும் அதே எழுபத்தையாயிரம்தான். காகிதத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

மருமகள் காரைக்காலில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்திலிருந்து கொண்டுவந்த வழவழப்பான காகிதம் அது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் பெரிய மெஷின் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷப் படிப்பு. முடித்தால் உற்பத்தித் தொழில்நுட்பர் என்று சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் கம்பெனியில் மெஷின் ஓட்டும் வேலை, எடுத்ததும் மாதம் பன்னிரண்டாயிரம் என்று அங்கே இருந்த மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சொல்லுங்க அத்தை, என்ன நெனக்கிறீங்க?" என்றாள் மருமகள்.

எனக்குப் பேச வராது. வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறவள் நான். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூடப் பேசாமல் வந்துவிடுவேன். ஆகவே அன்றும், "நீங்க ரெண்டு பேரும் பாத்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். ஆனால் அந்தத் தொகை என்னை விடவில்லை.

எங்கள் வீடு கோட்டுச்சேரிப் பக்கம். மகன் ஐஸ் வண்டி ஓட்டுகிறான். மண்டபத்தூருக்கும் திருவேட்டக்குடிக்கும் விடியற்காலையில் ஐஸ் இறக்கிவிட்டு வருவான். படகு போகாத நாளில் அவனுக்கும் கூலி இல்லை. மருமகள் வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறாள். ஒரே பேத்தி, மூன்றாவது படிக்கிறாள். மருமகள் பன்னிரண்டாவது பாஸ். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம், பொறையாறுக்குப் பக்கத்தில் பிறந்தவள். ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் வேறு சர்க்கார். நானும் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான்.

மகன் கணக்குப் போட்டான். மாதம் பன்னிரண்டாயிரம் என்றால் ஏழு மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். "அப்பறம் வர்றது பூரா லாபம்தாம்மா" என்று கையைத் தட்டினான்.

எங்கள் ஊரில் காகிதத்தின் மேல் ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்கான காகிதத்தை வைத்துக்கொண்டு பென்ஷன் வாங்கினார்கள், பிறகு பிள்ளைகள் பாரிசுக்கே போனார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் என் மகன். ஒரு நல்ல காகிதம் கையில் வந்துவிட்டால் மிச்சம் தானாக வரும் என்று நினைக்கிறவன்.

மறுநாள் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நானும் கணக்குப் போட்டேன். கட்டணம் எழுபத்தைந்து. யூனிபார்ம், பூட்ஸ், பரீட்சை எல்லாம் சேர்த்து ஆறு. பஸ்ஸுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு. பிறகுதான் எனக்கு அது தோன்றியது. காலை எட்டுக்குப் போய் மாலை ஆறுக்கு வருகிறவள் மாவு எப்படி ஆட்டுவாள்? மாவில் அவளுக்கு மாதம் ஆறாயிரம் கையில் நிற்கும். வருஷத்துக்கு எழுபத்திரண்டு. அதுவும் செலவுதானே? கூட்டிப் பார்த்தேன். ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம்.

சம்பளத்தையும் பார்த்தேன். பன்னிரண்டில் பி.எப்., வண்டி, கேன்டீன் என்று பிடித்தது போகக் கைக்குப் பத்து வரும். மாவிலேயே ஆறு வந்துகொண்டிருந்தது. அப்படியானால் படித்ததால் கூடுவது மாதம் நாலாயிரம்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டு, மாதம் நாலாயிரமாகத் திரும்பி எடுக்க மூன்றரை வருஷம் ஆகும். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதுவேதான் வந்தது.

மகன் சாப்பிடும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்தேன்.

"மாவ எதுக்கும்மா இதுல சேக்கற?" என்றான்.

"அது நிக்கும்ல?" என்றேன்.

மருமகள் தாளை எடுத்துப் பார்த்தாள். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினாள். பிறகு, "அத்தை கணக்கு சரிங்க" என்று புருஷனிடம் சொன்னாள். என்னிடம் திரும்பி, "ஆனா அத்தை, மாவு எட்டு வருஷமா அதே ஆறாயிரந்தான். இப்ப கடையில பாக்கெட்டு வேற வந்துருச்சு. சம்பளம்னா வருஷா வருஷம் ஏறுமில்ல? எனக்குத் தோளு ரெண்டும் போச்சு. இதையே எத்தன நாளைக்கி ஆட்டிக்கிட்டு இருப்பேன்?" என்றாள்.

என் கணக்கில் தோள் இல்லைதான்.

முன்பணம் பத்தாயிரம் கட்டினால் இடம் உறுதி என்றார்கள். நான் செத்தால் காரியத்துக்கு ஆகட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்திருந்த பணம் கொஞ்சம் இருந்தது. அதிலிருந்து பத்தாயிரம் எடுத்துக் கொடுத்தேன். மருமகள் வாங்கமாட்டேன் என்றாள். "நான் இப்போதைக்குப் போகல, புடி" என்றேன். மகன் சிரித்துவிட்டான். மிச்சம் அறுபத்தைந்துக்கு அவள் கழுத்துச் செயினை அடகு வைப்பது என்று முடிவாயிற்று. மூன்று பவுன். அவள் அப்பா போட்டதில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

முன்பணம் கட்டிய அன்றே மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். "எல்லாருகிட்டயும் அப்படித்தான் வாங்குறாங்க அத்தை" என்றாள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் செயினுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று விசாரிக்க இருவரும் காரைக்காலுக்குப் பஸ் ஏறினோம். எனக்கு இடம் கிடைத்தது. மருமகள் பக்கத்தில் நின்றாள். எனக்கு அடுத்து ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அந்தக் காகிதத்தில் பார்த்த அதே நீலச் சட்டை. கழுத்தில் கம்பெனி அட்டை. மருமகள் விடுவாளா?

"எந்தக் கம்பெனிங்க?"

"பட்டினத்துப் பக்கம். மெஷின் செக்ஷன்."

"அதுக்குத்தாங்க நானும் சேந்துருக்கேன். ஒரு வருஷ சர்டிபிகேட்டு."

"எங்க சேந்தீங்க?"

மருமகள் இடத்தைச் சொன்னாள். அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். "அங்கயா? எவ்வளவு கேட்டாங்க?"

"எழுபத்தஞ்சு."

"அய்யய்யோ!" பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங்க, சர்க்கார் ஐடிஐ இருக்கும்போது அங்க யாராவது போவாங்களா? அதுல ரெண்டு வருஷம். ஆனா பீஸு நெசமாவே நானூறு ஐநூறுதான் கட்டுனேன். எங்க லைன்ல அங்க படிச்சவங்களும் நாங்களும் ஒரே மெஷினுதான் ஓட்டுறோம். ஐடிஐ பேப்பரு இருக்கறவங்களுக்கு ரெண்டாயிரம் கூட. அங்க படிச்சவங்கள்லாம் கான்ட்ராக்டு. பதினோரு மாசத்துல வீட்டுக்கு அனுப்பிட்டு மறுபடி புதுசா எடுப்பாங்க. சம்பளம் ஏறவே ஏறாது."

சம்பளம் ஏறும் என்று நம்பித்தான் மருமகள் செயினைக் கழற்ற இருந்தாள். அவள் ஒரு கையால் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு அங்க குடுக்க மாட்டாங்கங்க. நான் அந்தப் பக்கத்துப் பொண்ணு. பொறையாறு" என்றாள் மெல்ல.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் தரங்கம்பாடிங்க! கட்டிக்கிட்டு வந்து ஏழு வருஷம். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இங்கதான. குடியிருக்கோம்னு தாலுக்கா ஆபீஸ்ல ஒரு பேப்பரு வாங்கிக் குடுத்தேன், முடிஞ்சுது. யாருங்க உங்களுக்குக் குடுக்க மாட்டாங்கன்னு சொன்னது?"

மருமகள் குனிந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

சொன்னது நான்.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதபோது அவளே கேட்டாள். "அத்தை, இங்க ஐடிஐ இருக்காமே, நான் சேரவா?" நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன், "நமக்கெல்லாம் குடுக்க மாட்டாங்கம்மா. நாம அந்தப் பக்கத்து ஆளுங்க." எதையும் அடித்துப் பேசாத நான் அதை மட்டும் அடித்துச் சொன்னேன். நானும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தவள் என்பதால் தெரிந்துதான் சொல்கிறேன் என்று அவள் நம்பிவிட்டாள். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அது நடந்து ஒன்பது வருஷம்.

காரைக்காலில் இறங்கி அடகுக் கடைக்குப் போகவில்லை. எதிர்த்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம். வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள்.

"அத்தை, உங்ககிட்ட யாரு சொன்னது?"

நான் யோசித்தேன். அன்று நடந்ததை அதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது பால்வாடியில் ஆயா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஐந்தாவது போதும் என்றார்கள். விண்ணப்பப் பாரம் எழுதிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். ஜன்னலில் இருந்தவர் வாங்கிப் படித்தார். "பொறந்த ஊரு?" என்றார். சொன்னேன். அவர் என் பாரத்தைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்தவள் பாரத்தை வாங்கினார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். வந்துவிட்டேன். வீட்டில் என் புருஷன் கேட்டதற்கு, "அந்தப் பக்கத்து ஆளுக்குக் கெடையாதாம்" என்றேன்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். கெடையாது என்று அந்த மனுஷன் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஓரத்தில் ஏன் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு காகிதம் வேண்டும் என்று சொல்ல வைத்திருந்தாரோ, என்னவோ. நானே சொல்லிக்கொண்டதை நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மருமகள் திட்டவில்லை. "வெள்ளிக்கிழமையோட அங்க பாரம் வாங்கறது முடியுதாம். அந்த அக்கா எறங்கும்போது சொன்னாங்க. எம் பேப்பரு பூரா அந்த மேடத்துகிட்ட இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அன்று திங்கட்கிழமை.

தாலுக்கா ஆபீசுக்கு மகன் அலைந்தான். புதன்கிழமை குடியிருப்புச் சான்று கைக்கு வந்தது. வெறும் அரைப் பக்கம். அதில் மருமகள் பெயரையும் எங்கள் தெருவின் பெயரையும் சேர்த்து இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

வியாழக்கிழமை காலையில் நானும் அவளும் அந்தத் தனியார் இடத்துக்குப் போனோம். ஏசி போட்ட அறை. மேடம் அன்பாகத்தான் வரவேற்றார். மருமகள் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அது முடியாதும்மா. அட்மிஷன் போட்டாச்சு. முழு பீஸும் கட்டினாதான் ஒரிஜினல் குடுக்க முடியும்."

"நான் ஒரு நாள்கூட கிளாசுக்கு வரலீங்களே?"

"சீட்ட பிளாக் பண்ணிட்டீங்கல்ல? அந்த சீட்டு போச்சுன்னா யாரு தர்றது?"

மருமகள் படபடவென்று பேசினாள். கெஞ்சினாள். பிறகு சத்தம் போட்டாள். மேடம் போனை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார். அறுபத்தையாயிரம் கட்டினால்தான் அந்த இரண்டு காகிதமும் வெளியே வரும். நாளையோடு ஐடிஐயில் பாரம் வாங்குவது முடிந்துவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போய் மகனுக்குப் போன் போட்டாள்.

நான் வாசல் பக்கம் செருப்பு விடும் இடத்துக்கு அருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. எழுந்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அதனால் உட்கார்ந்தே இருந்தேன்.

ஒரு அப்பாவும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். கையில் அதே வழவழப்பான காகிதம். அவர் என்னைப் பார்த்து மரியாதையாக, "நீங்களும் சேக்க வந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் தப்பு என்று நினைத்தேன். "இல்லீங்க. எம் மருமவ பேப்பர வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். குடுக்க மாட்டேங்கறாங்க" என்றேன்.

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் போனை இறக்கினார். அந்த மனிதர், "அப்பறம் வாரோம் மேடம்" என்று பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

சிறிது நேரத்தில் ஒரு அம்மாவும் பையனும் வந்தார்கள். அந்த அம்மாவும் என்னிடம்தான் கேட்டாள், "பீஸு எவ்வளவு ஆயா சொல்றாங்க?" எழுபத்தைந்து என்று சொல்லிவிட்டு, கூடவே பேப்பர் தராததையும் சொன்னேன்.

"ஆயா, நீங்க வெளியில போய் உக்காருங்க" என்றார் மேடம்.

"வெயிலா இருக்குதுங்க" என்றேன்.

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கன்னம் இரண்டும் சுட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன், இன்னும் ஏதாவது வந்துவிடுமோ என்று. மூன்றாவதாக இரண்டு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேடம் எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் போட்டார்.

"முன்பணம் திரும்ப வராது. எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

பத்தாயிரம். வாயில்லாத நான் எத்தனை வருஷம் சேர்த்தது. மருமகளை உள்ளே கூப்பிட்டேன். அவள் எழுதிக் கொடுத்ததும் உறையை நான்தான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "என்ன அத்தை சொன்னீங்க அந்தம்மாகிட்ட?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க, சொன்னேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஐடிஐயில் வரிசை நீளமாக இருந்தது. பெண் பிள்ளைகளும் நிறைய. எல்லாம் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஒருத்தி மருமகளிடம், "அக்கா, தம்பிக்கு வாங்க வந்தீங்களா?" என்று கேட்டாள். "எனக்குத்தான்" என்றாள் இவள். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எங்கள் முறை வந்தது. ஜன்னலில் இருந்தவர் பாரத்தை வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, "பொறந்த ஊரு?" என்று கேட்டார்.

பாரத்தின் மேல் இருந்த அவர் கையையே பார்த்தேன்.

மருமகள் ஊர்ப்பெயரைச் சொன்னாள். அவர் எழுதினார். எழுதிவிட்டு, "பிளட் குரூப் என்னம்மா?" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால், பாரத்தைத் தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் பயந்துகொண்டிருந்தது பாரத்தில் ஒரு கோடு. அதை நிரப்பினார், அடுத்த கோட்டுக்குப் போனார். கட்டணத்துக்கு நான் கொடுத்த ஐந்நூறு ரூபாய் நோட்டில் மீதி கொடுத்தார். சேர்க்கை ரசீதில் முத்திரை குத்தி மருமகளிடம் நீட்டினார். "திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வந்துரும்மா. பூட்ஸு வேணும்."

வெளியே மரத்தடியில் நின்று அவள் ரசீதைப் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகனுக்குப் போன் போட்டு, "கெடச்சிருச்சுங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். பிறகு ரசீதை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"எனக்கு இப்ப முப்பத்திரண்டு அத்தை" என்றாள். "முடிக்கிறப்ப முப்பத்திநாலு. அந்த அக்கா என் வயசுதான். அஞ்சு வருஷமா சம்பளம் வாங்கிட்டாங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாக வாய் வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"கேட்டிருக்கலாம்ல அத்தை. எனக்காக வேண்டாம். நீங்க அந்தப் பால்வாடி வேலைக்குப் போய் நின்ன அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருக்கலாம்மா" என்றேன்.

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. அவள் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் அந்த சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர், "ஆயா, எடந்தான் கெடக்குதே, உக்காருங்க" என்றார். இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்து, இரண்டு டிக்கெட்டும் நானே கேட்டு வாங்கினேன்.